தேரிக்காட்டு வீடும் தள்ளிப்போன கடலும்

திசையன்விளைப் பக்கம் போனாலே மண் சிவந்துவிடும். பனையும் உடைமரமும் நிற்கும் தேரிக்காடு. செம்மணலை ஒரு பிடி அள்ளிக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு துகளும் சாதாரண குவார்ட்ஸ்தான். மேலே ஒட்டியிருக்கும் இரும்பு ஆக்சைடு பூச்சுதான் அந்தச் சிவப்பு. மலையடிவாரச் செம்மண்ணைத் தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்து வாரிக்கொண்டு போய்க் கடற்கரையோரம் குவித்தது என்பது புவியியலார் சொல்லும் விளக்கம். அதே காற்றில்தான் இன்று முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுகின்றன.

இந்தச் செம்மணல் நடுவே இருக்கும் இடையன்குடிக்கு 1841 கடைசியில் வந்து சேர்ந்தவர் ராபர்ட் கால்டுவெல். அயர்லாந்தில் பிறந்தவர். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அந்த ஊரே அவருக்கு வீடு. 1891-ல் கொடைக்கானலில் இறந்தவரை இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். குடியிருந்த வீடு இப்போது தமிழக அரசின் நினைவு இல்லம்.

கால்டுவெல் என்றதும் 1856-ல் வந்த ஒப்பிலக்கணம்தான் எல்லோருக்கும் நினைவு வரும். எனக்கென்னவோ 1881-ல் சென்னை அரசு அச்சகத்தில் அச்சான அவருடைய திருநெல்வேலிச் சரித்திரம்தான் அதிகம் பிடிக்கும். பழங்காலம் தொட்டு 1801-ல் சீமை முழுவதும் கும்பினியார் கைக்குப் போனது வரைக்கும் அதில் இருக்கிறது. கும்பினிக் கடிதங்கள், தளபதிகளின் குறிப்புகள் என்று சிதறிக் கிடந்தவற்றைத் தேடி எடுத்து ஒரே இடத்தில் சேர்த்துவைத்தார். (நாடார்களைப் பற்றி 1849-ல் அவர் எழுதிய சிறுநூல் கிளப்பிய கோபமும் நியாயமானதே. ஆளைப் பாராட்டும்போது அதையும் மறக்கக்கூடாது.)

காகிதம் தீர்ந்துபோன இடத்தில் அவர் தரையைப் படிக்க ஆரம்பித்தார். வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 1292 வாக்கில் பாண்டிய நாட்டுக் கரையில் காயல் என்ற பெரிய துறைமுகத்தைக் கண்டதாக எழுதி வைத்திருக்கிறார். ஏடனிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் கப்பல்கள் குதிரை ஏற்றி வந்த ஊராம். அது எங்கே இருந்தது? தாமிரபரணிக் கழிமுகத்துப் பழையகாயல் பக்கம் போய்ப் பார்த்த கால்டுவெல், வெறுந்தரையிலேயே சீனப் பீங்கான் ஓடுகள் சிதறிக் கிடப்பதைக் கண்டார். மண்மேடுகளில் முத்துச்சிப்பி, உடைந்த ஓடு, கந்தகம், சாதிலிங்கம், சில பழங்காசுகள். குடியானவர் கிராமத்துக்குச் சாதிலிங்கம் எதற்கு? துறைமுகக் கடைவீதியில் விற்ற சரக்கு அது. மார்க்கோ போலோவின் பயணநூலைப் பதிப்பித்த ஹென்றி யூல், கால்டுவெல் எழுதி அனுப்பிய குறிப்புகளைத் தன் பதிப்பில் சேர்த்துக்கொண்டார்.

காயலிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம். கிரேக்கப் புவியியலாளர் தாலமி 'கொல்கோய்' என்று குறித்த ஊர். இன்று அங்கே நின்றால் நெல்லும் வாழையும்தான் தெரியும். கடல் சுமார் 6 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. முதலில் கொற்கை, கடல் தள்ளிப்போனதும் காயல், அதுவும் தூர்ந்தபின் வேறு ஊர்கள் என்று அந்த மூன்று நிலைகளையும் கால்டுவெல் வரிசைப்படுத்தினார். தள்ளிவிட்டது தாமிரபரணிதான் என்றும் சொன்னார்.

பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலைச் சேரும் ஆறு அது. இரண்டு பருவமழையும் அதற்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் தண்ணீர் செந்நிறமாய் வரும்போது, வண்டலும் மணலும் சேர்ந்தே வருகின்றன. ஓடுகிற வேகம் இருக்கும்வரை நீர் மணலைச் சுமக்கும். கழிமுகத்தில் வேகம் அடங்கியதும் முதலில் மணல் படியும். களிமண் இன்னும் கொஞ்சம் தூரம் மிதந்துபோய் உப்புநீர் பட்டதும் துகளோடு துகள் ஒட்டிக் கனத்து அடியில் இறங்கும். மன்னார் வளைகுடாவில் ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. படிந்ததை வாரிக்கொண்டு போக அங்கே பெரிய விசை இல்லை. கரையோரக் கடலும் ஆழமற்றது. கொஞ்சம் வண்டலே நிறைய நிலமாகிவிடும்.

தாலமி காலத்தில், அதாவது 2-ஆம் நூற்றாண்டில், கொற்கை கரையோரமாகவே இருந்தது என்று வைத்துக்கொண்டால், கடல் ஆண்டுக்குச் சராசரி 3 மீட்டர் பின்வாங்கியிருக்கிறது. ஒரு மனிதன் ஆயுசில் 200 மீட்டருக்கு மேல். பாட்டனார் வலை உலர்த்திய இடத்தில் பேரன் நாற்று நட்டிருக்கலாம்.

கால்டுவெலுக்குத் தெரியாத இன்னொரு காரணமும் உண்டு. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்து, பிறகு இறங்கியது. ஆறு முன்னேற, கடலும் தானாக விலகிக் கொடுத்திருக்கிறது.

1968-69-ல் தமிழகத் தொல்லியல் துறை கொற்கையில் தோண்டியெடுத்த கரித்துண்டுக்குக் கதிரியக்கக் கரிம முறையில் கி.மு. 785 என்று காலம் கிடைத்தது. அருகே சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல் கி.மு. 1155-ஐச் சேர்ந்தது. கால்டுவெல் கைக்கு இப்படி எந்தக் கணக்கும் எட்டவில்லை. ஓட்டையும் சிப்பியையும் வைத்தே அவர் வரிசையைச் சரியாகப் பிடித்திருந்தார்.

காயலுக்குப் பின் தழைத்த தூத்துக்குடி, கழிமுகத்துக்கு வடக்கே, ஆற்று வண்டலிலிருந்து தள்ளியே இருக்கிறது. அங்கேயும் கரையோரம் ஆழம் போதாது. 1974-ல் பெருந்துறைமுகமான அந்த ஊரில், ஆழமான தண்ணீருக்காகக் கடலுக்குள் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல் கொட்டி அலைதடுப்புச் சுவர் கட்டவேண்டியிருந்தது.