பசியை அளந்த பெண்

ஆண்டில் சில மாதங்கள் ஓர் ஊரே அரை வயிற்றோடு கிடந்தால், ‘உழைக்காத சனங்கள்’ என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. இன்றைய சாம்பியாவின் வடபகுதியில் வாழும் பெம்பா மக்களைப் பற்றி, அந்நாடு வடக்கு ரொடீசியா என்ற பெயரில் ஆங்கிலேயர் கையில் இருந்தபோது அப்படித்தான் பேசினார்கள். அந்தப் பேச்சைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தவர் ஆட்ரி ரிச்சர்ட்ஸ் (1899–1984). கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் படித்து, பின்பு லண்டனில் மாலினோவ்ஸ்கியிடம் மானுடவியல் பயின்ற அவர், 1930களின் முற்பகுதியில் இரண்டு முறை பெம்பா ஊர்களில் தங்கி ஆய்வு செய்தார். யார் எதை விளைவித்தார், யார் சமைத்தார், யாரோடு பகிர்ந்து உண்டார் என்று நாள்தோறும் குறித்தார், உணவை எடைபோட்டார். எல்சி விட்டோசன் என்ற ஊட்டச்சத்து அறிஞரோடு சேர்ந்து அதன் சத்தையும் கணக்கிட்டு, 1936இல் வெளியிட்டார்.

அன்று பெம்பா மக்களின் முதன்மை உணவு, கேழ்வரகு மாவில் கிண்டிய ‘உப்வாலி’ என்ற களி. வேறு எதைத் தின்றாலும், களி இல்லாத நாளில் சாப்பிட்டதாகவே அவர்கள் கருதியதில்லை. அந்தக் கேழ்வரகு விளைய, ஆண்கள் மரமேறிக் கிளைகளை வெட்ட வேண்டியிருந்தது. பெண்கள் அவற்றைச் சுமந்து குவிக்க வேண்டியிருந்தது. குவியலை எரித்த சாம்பலில்தான் விதைப்பு. ஆனால் அரசு வரியைப் பணமாகக் கேட்டது. பணம் தேடி ஆண்கள் தாமிரச் சுரங்கங்களுக்குப் போனார்கள். மரமேற ஆளில்லாத ஊரில் சாம்பல் நிலம் சுருங்கியது. மறு அறுவடைக்கு முன்பே குதிர் காலியானது. குதிரில் தானியம் இருந்த நாளிலும், தனியே வயலில் உழைத்துக் களைத்த பெண்ணுக்கு விறகும் தண்ணீரும் தொடுகறிக்குக் கீரையும் தேடத் தெம்பில்லாமல் போனால் அடுப்பு எரியவில்லை. 1939இல் வந்த ‘வடக்கு ரொடீசியாவில் நிலம், உழைப்பு, உணவு’ என்ற அவரது நூல், சோம்பல் என்று பேர் வாங்கியது உண்மையில் பசியின் தளர்ச்சி என்று காட்டியது.

காலனி ஆட்சியின் நிழலில் நடந்த ஆய்வை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆட்சியின் அனுமதி இல்லாமல் அவர் அங்கே தங்கியிருக்க முடியாது. ஆனாலும் அவர் சேர்த்த சான்றுகள், பழியை மக்களின் குணத்திலிருந்து எடுத்து, அந்த ஆட்சி வளர்த்த பொருளாதாரத்தின் மேல் வைத்தன. இன்னொரு மறுப்பு கனமானது. மானுடவியலாளர் ஹென்ரியெட்டா மூர், வரலாற்றாசிரியர் மேகன் வாகன் இருவரும் 1994இல் எழுதிய நூலில், ரிச்சர்ட்ஸ் சிதைவையே பெரிதாகக் கண்டார், ஆண்கள் இல்லாதபோதும் பெண்கள் வேறு பயிர்களாலும் உறவுகளாலும் சமாளித்த திறனைக் குறைத்து மதித்தார் என்றார்கள். அந்தத் திருத்தம் ஏற்கத்தக்கது. அதற்கும் கைகொடுத்தவை ரிச்சர்ட்ஸ் விட்டுச்சென்ற குறிப்புகளே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன் முடிவைப் பிறர் திருத்துவதற்கு வேண்டிய சான்றுகளையும் விட்டுச்செல்வதே நேர்மையான ஆய்வு.

ஏழை ஊரைப் பார்த்துச் சோம்பேறி ஊர் என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. அந்தச் சொல் நாவில் வரும்முன், அந்த ஊரின் அடுப்பு ஏன் எரியவில்லை என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.