முரசடித்தால் கேட்கும் காது

"ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்கிறார் டாக்டர். ஆபரேஷன் செய்துகொண்டால் மறுபடி சங்கு குளிக்கப் போகலாமா?" என்று தூத்துக்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் பேசுவது காதில் விழவில்லையாம், மீன் ஏலம் போடும் இடத்தில் மட்டும் நன்றாகக் கேட்கிறதாம். சொன்னால் வீட்டார் நம்புவதில்லையாம்.

நான் நம்புகிறேன். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். முரசு அடித்தால்தான் ஒரு பெண்மணிக்குப் பேச்சு கேட்கும். அதற்காகவே அவர் கணவர் முரசடிக்கத் தெரிந்த வேலையாளை வைத்துக்கொண்டாராம். (இன்றைய கணவர்கள் டிவி சத்தத்தைக் கூட்டுவதோடு சரி.) இரைச்சலுக்கு நடுவே எல்லாரும் உரக்கப் பேசுகிறார்கள். இந்தக் காதுக்குள் சுற்றுப்புற இரைச்சல் அவ்வளவாகப் போகாது. உரத்த பேச்சு மட்டும் போய்ச் சேரும்.

கோளாறு காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்பில். உடம்பிலேயே சின்ன எலும்பு, சுமார் 3 மில்லிமீட்டர். அதன் அடித்தட்டைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து, உப்புக்காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கீல் இறுகுகிற மாதிரி இறுகிவிடும். செவிப்பறை அதிர்ந்தாலும் அதிர்வு உள்காதுக்கு இறங்காது.

1952இல் நியூயார்க்கின் டாக்டர் சாமுவேல் ரோசன் இறுகிய அந்த எலும்பை அசைத்து விடுவித்தார். பலருக்குத் திரும்பவும் இறுகியது. 1956இல் மெம்ஃபிஸில் ஜான் ஷே அந்த எலும்பையே எடுத்துவிட்டு டெஃப்லானில் செய்த மாற்றை வைத்தார். இப்போது அடித்தட்டில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளையிட்டுக் குட்டி பிஸ்டனைப் பொருத்துகிறார்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குக் கேட்கும் திறன் நன்றாகத் திரும்புகிறது. நூற்றில் ஒருவர் போல அந்தக் காதை முழுதாக இழப்பதும் உண்டு. அதனால்தான் ஒரு நேரத்தில் ஒரு காது, அதுவும் மோசமான காது முதலில். நோயோடு வரும் காதிரைச்சல் பலருக்குக் குறையும், சிலருக்கு அப்படியே நிற்கும். அதை மட்டும் நம்பிக் கத்திக்குப் போக வேண்டாம்.

இந்நோய் பெண்களுக்கே அதிகம், பெரும்பாலும் இளவயதில். நாமோ எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிறோம், வரன் தட்டிப்போகும் என்று மறைக்கிறோம். கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியோகிராம் எடுக்க அதிக நேரம் ஆகாது.

சங்குக்கு வருவோம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. காதடைப்பை விடுவிக்க மூக்கைப் பிடித்து ஊதும் வேகத்தில் பிஸ்டன் நகரலாம், உள்காதுத் திரவம் கசியலாம், தலை சுற்றலாம். கடலுக்கடியில் தலை சுற்றினால் மேலே எது கீழே எது என்றே தெரியாது. நன்றாக ஆறியபின் போகலாம் என்கிறார்கள் சில மருத்துவர்கள். கூடவே கூடாது என்கிறார்கள் வேறு சிலர். கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விப் பொழுதெல்லாம் இறங்கி ஏறுபவர் விஷயத்தில் நான் பின்னவர்கள் கட்சி. தொழிலை விட முடியாதென்றால் கத்தி வைப்பதற்கு முன் ஹியரிங் எய்டு பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இந்தக் காதுக்கு அது நன்றாகவே எடுபடும். தண்ணீரில் இறங்கும்போது கழற்றிப் படகிலேயே வைத்துவிடலாம்.