ராத்திரி பிள்ளை விழித்தால் யார் எழுவது?

ராமநாதபுரம் கடற்கரையில் ராத்திரி என்பது எல்லோருக்கும் தூங்கும் நேரம் அல்ல. ராமேஸ்வரத்து விசைப்படகுகள் டோக்கன் வாங்கிக்கொண்டு போனால் ராவெல்லாம் கடலில் கிடந்து மறுநாள் காலையில்தான் கரை சேர்கின்றன. மீன் வாங்கி விற்கும் பெண்கள் விடியுமுன் கூடையோடு கிளம்பிவிடுகிறார்கள். ராமநாதசுவாமி கோயிலில் ஸ்படிகலிங்க தரிசனமே காலை ஐந்து மணிக்கு. இப்படி அரைத்தூக்கத்துக்குப் பழகிய ஊரிலும், இரண்டு மாதப் பிள்ளை ராத்திரி மூன்று தடவை விழித்தால் வீடு பதறிப்போகிறது. பால் பத்தவில்லை, உரம் விழுந்திருக்கிறது, மாந்தம், கண்ணு பட்டுவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். காரணத்துக்கு ஒரு வைத்தியமும் கூடவே வருகிறது. பச்சைப்பிள்ளையின் இரவு விழிப்புக்குப் பெரும்பாலும் இந்தக் காரணங்களும் வேண்டாம், வைத்தியங்களும் வேண்டாம். அது விழிப்பது உடம்பின் இயல்பு. அதை அடக்கப் பார்ப்பது வீண், சில நேரம் ஆபத்தும்கூட. நம்மால் மாற்ற முடிந்தது வீட்டின் ராத்திரி ஏற்பாடுதான்.

விழிப்பு எங்கிருந்து வருகிறது

வயிற்றில் இருக்கும்வரை பிள்ளைக்கு இரவு பகல் கணக்கைத் தாயின் உடம்பு சொல்லிக்கொண்டிருக்கிறது. இருட்டியதும் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்கும் போகிறது. பிறந்ததும் அந்த வழி அடைபடுகிறது. பிள்ளையின் உடம்பு தானாக மெலடோனினை ஒரு தாளத்தோடு சுரக்கத் தொடங்க இரண்டு மூன்று மாதமாகும். அதுவரை அதற்கு நடுச்சாமமும் நடுப்பகலும் ஒன்றுதான். பிறந்த பிள்ளை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் அது துண்டு துண்டான தூக்கம். அதில் ஏறக்குறைய பாதி கண்ணிமை துடிக்கும், கைகால் அசையும், முனகும் வகைத் தூக்கம். ஒரு சுற்று ஒரு மணி நேரத்தை எட்டாது. சுற்று முடியும்போதெல்லாம் பிள்ளை அரைகுறையாக விழிக்கும். முனகிய உடனே தூக்கித் தோளில் போட்டால், தானே மறுபடி கண்ணசரவிருந்த பிள்ளையை நாமே எழுப்பிவிட்டதாக ஆகும். முனகலுக்கும் அழுகைக்கும் வித்தியாசம் தெரிய ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

"ஆறு மாதம் ஆகியும் விடிய விடியத் தூங்க மாட்டேங்குது" என்பது அடுத்த புகார். கனடாவில் தாய்மார்களிடம் கேட்டறிந்து 2018ல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதப் பிள்ளைகளில் 38 சதவீதம் தொடர்ச்சியாக ஆறு மணி நேரம் தூங்கவில்லை. ஒரு வயதிலும் 28 சதவீதம் அப்படியே இருந்தன. விழித்த பிள்ளைகளுக்கும் விழிக்காத பிள்ளைகளுக்கும் வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பிள்ளைகள் செய்வதை நோய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பால் பத்தவில்லை என்ற பயம்

இந்தப் பயம்தான் அதிகச் சேதம் செய்கிறது. பிள்ளை விழிப்பது தாய்ப்பால் பத்தாததால் என்று முடிவுகட்டி, புட்டிப்பாலோ நீர்த்த ராகிக்கூழோ கொடுக்கத் தொடங்குவார்கள். வயிறு கனமானால் தூக்கமும் கனமாகும் என்ற கணக்கு. 2015ல் பிரிட்டனில் வெளியான ஆய்வொன்றில், ஆறிலிருந்து பன்னிரண்டு மாதப் பிள்ளைகளில் 78 சதவீதம் ராத்திரி ஒரு தடவையாவது விழித்தன; தாய்ப்பால் குடித்த பிள்ளைக்கும் புட்டிப்பால் குடித்த பிள்ளைக்கும் விழிப்பில் வித்தியாசம் இல்லை. திட உணவைச் சீக்கிரம் கொடுத்தால் தூக்கம் கூடும் என்பதற்கும் ஆதாரம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 2018ல் வந்த இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வில், மூன்று மாதத்திலிருந்தே உணவு கொடுக்கப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தூங்கின. எவ்வளவு கூடுதல்? உச்சத்தில் ஓர் இரவுக்கு சுமார் 17 நிமிடம்.

அந்த 17 நிமிடத்துக்கு இந்த மாவட்டத்தில் கொடுக்கும் விலை வேறு. குடத்துத் தண்ணீரை விலைக்கு வாங்கும் ஊர்கள் இங்கே உண்டு. காவிரிக் கூட்டுக்குடிநீர் வராத நாளில் ஊற்றுத் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான். பால்பவுடரைக் கரைக்கவும் புட்டியைக் கொதிக்க வைத்துக் கழுவவும் அந்தத் தண்ணீரேதான் வேண்டும். வயிற்றுப்போக்கு வந்த பிள்ளை எவ்வளவு நேரம் தூங்கும் என்று கேட்டுப் பார்க்கலாம். இன்னொன்று, பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம். ராப்பாலை நிறுத்தினால் பகல் பாலும் குறையும். அப்போது முதலில் இல்லாத குறை உண்மையாகவே வந்துசேரும். பால் போதுமா என்பதற்கு ராத்தூக்கம் அளவுகோல் அல்ல. முதல் வாரத்துக்குப் பின் ஒரு நாளில் ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதும். எடை பார்க்க அங்கன்வாடியில் தராசு இருக்கிறது.

தூங்க வைக்கும் மருந்துகள்

வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் வைத்திருக்கிறோம். சுட்டு உரசி நாக்கில் தடவுவதும், சாதிக்காயை உரைகல்லில் இழைத்துப் புகட்டுவதும், சேனை வைப்பதும் தெற்குச் சீமையில் பழைய வழக்கம். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்குவது தெரிந்து, 1968லேயே அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை போட்டது. சாதிக்காய் அளவு மீறினால் மயக்கமும் படபடப்பும் வரும். ஐந்து கிலோ உடம்புக்கு எது அளவு என்று உரைகல்லுக்குத் தெரியாது. சேனையாகக்கூடத் தேனை ஒரு வயதுக்கு முன் நாக்கில் தடவவே கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்க வைக்கும்.

"எங்க காலத்துல எல்லாம் குடுத்துத்தானே வளத்தோம்" என்று பாட்டிமார்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் நூறுக்கு மேல் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020ன் மாதிரிப் பதிவுக் கணக்கில் அது 13. அந்த நூறில் எத்தனை எதனால் போயின என்று யாரும் பிரித்து எழுதி வைக்கவில்லை. பிழைத்து வளர்ந்த பிள்ளைகள்தான் சாட்சிக்கு நிற்கின்றன.

கைமருந்தைவிட எனக்குக் கவலை மருந்துக்கடை சிரப். சளிக்குக் கொடுத்த மருந்தைக் குடித்துப் பிள்ளை நன்றாகத் தூங்கியதைக் கண்டு, சளி போன பிறகும் ஒரு மூடி ஊற்றும் பழக்கம் உண்டு. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. 2025ல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் பிள்ளைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தபோது அகப்பட்டது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்து. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. சளி மருந்தைத் தூக்க மருந்தாக்குவது எந்தக் கணக்கிலும் தகாது.

தொட்டிலும் பாயும் கொசுவலையும்

சேலைத் தூளியைத் திட்ட நான் தயாரில்லை. ஆட்டமும் அணைப்பும் பிள்ளையை அமர்த்துகின்றன என்பது வெறும் நம்பிக்கை அல்ல. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2022ல் வெளியிட்ட சிறு ஆய்வில், அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் சீராக நடந்தபோது அழுகை அடங்கியது. தூங்கியபின் உடனே கீழே போட்டால் பல பிள்ளைகள் விழித்தன. ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டுக் கிடத்தியவை தூங்கிக்கொண்டிருந்தன. காரில் வைத்து ஆட்டும் நாட்டில்தான் இது புதுச் செய்தி. நம் ஊரில் கால் வலிக்க நடந்தவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது.

தூளியின் சிக்கல் தூங்கிய பிறகுதான். குழிந்த துணியில் சின்னப் பிள்ளையின் தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழல் மடங்கும். புரளத் தொடங்கிய பிள்ளைக்குக் கழுத்தில் துணி சுற்றும் அபாயமும் உண்டு. ஆகவே ஆட்டித் தூங்க வைக்கத் தூளி இருக்கட்டும், பக்கத்தில் ஆள் விழித்திருக்கும்போது. ராத்தூக்கத்துக்குத் தரையில் விரித்த பாய், மேலே சுருக்கமில்லாத துணி, தலையணை இல்லை, மல்லாக்கக் கிடத்துவது. மல்லாக்கப் போடச் சொல்லி 1990களில் மேல்நாடுகள் பிரசாரம் செய்த பிறகு அங்கே தூக்கத்தில் நேரும் சிசு மரணம் ஏறக்குறைய பாதியானது. தாயோடு ஒரே அறையில் படுப்பது நல்லது. ஆனால் குடித்துவிட்டு வந்தவரும் புகைப்பவரும் பிள்ளை கிடக்கும் பாயில் படுக்கக் கூடாது. இதைச் சொல்லச் சங்கடப்படும் வீடுகள் இருக்கின்றன. சங்கடப்பட்டாவது சொல்ல வேண்டிய விஷயம் இது.

ராமேஸ்வரம் தீவும் பாம்பன், மண்டபம் பக்கமும் மலேரியாவுக்குப் பேர்போனவை. கொசுவை விட்டுவிட முடியாது. ஆனால் அடைத்த அறையில் கொசுவத்திச் சுருள் கொளுத்துவது அதற்கு வழி இல்லை. ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003ல் ஓர் ஆய்வு அளந்தது. சாம்பிராணிப் புகையும் சின்ன நுரையீரலுக்கு ஆகாது. கொசுவலை போதும். ஃபேன் காற்று பிள்ளைக்கு ஆகாது என்று புழுங்கும் அறையில் தொப்பியும் ஸ்வெட்டரும் மாட்டுவது அதைவிடத் தவறு. சிசு மரணத்துக்கு அதிக வெப்பமும் ஒரு காரணக்கூறு. முகத்துக்கு நேராக அடிக்காமல் ஃபேன் ஓடட்டும்.

பகல் பகலாக இருக்கட்டும்

பேறுகாலத்துக்குப் பின் தாயையும் பிள்ளையையும் இருட்டறையில் வைத்துப் பொத்துவது நம் வழக்கம். ஓய்வு என்ற வகையில் நல்லதுதான், இருட்டு வேண்டியதில்லை. ஆறு, ஒன்பது, பன்னிரண்டு வாரப் பிள்ளைகளைக் கவனித்த 2004ம் ஆண்டு ஆய்வொன்றில், ராத்திரி நன்றாகத் தூங்கியவை பிற்பகலில் அதிக வெளிச்சம் பட்டவை. திண்ணையிலோ வேப்பமர நிழலிலோ பகலில் பிள்ளையைக் கிடத்தினால் போதும். ராத்திரியில் டியூப்லைட்டைப் போடாமல், பேச்சுக் கொடுக்காமல் பால் கொடுத்துக் கிடத்த வேண்டும். கைபேசியும் வேண்டாம். சில மாதம் போனால் வெந்நீர்க் குளியல், எண்ணெய் தடவல், தாலாட்டு என்று தினமும் ஒரே வரிசையில் ஒரே நேரத்தில் செய்யலாம். 2009ல் 405 தாய்மார்களோடு நடந்த ஆய்வில் இரண்டு வாரத்திலேயே பிள்ளைகள் சீக்கிரம் கண்ணயர்ந்தன, தாய்மாரின் மனநிலையும் தேறியது.

அழவிட்டுப் பழக்கும் மேல்நாட்டு முறையைப் பற்றிக் கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அது பொருந்தாது. அதற்குப் பிறகு, அளவாகப் பொறுத்துப் பழக்கிய பிள்ளைகளை ஆறு வயதுவரை தொடர்ந்து பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு, தீங்கும் இல்லை, நீடித்த லாபமும் இல்லை என்றது. தனியறையும் தடித்த சுவரும் உள்ள வீட்டுக்கு ஏற்பட்ட முறை அது. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் தங்கச்சிமடத்து வீட்டில் பிள்ளை அழுதால் தெருவே எழுந்துவிடும்.

யாரிடம் காட்ட வேண்டும்

விழிப்பைவிட எழாத தூக்கம்தான் பயப்பட வேண்டியது. பிறந்த முதல் இரண்டு வாரத்தில் பால் குடிக்காமல் நான்கைந்து மணி நேரம் தூங்கும் பிள்ளையை எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். எழுப்பியும் எழாதது, பால் மறுப்பது, மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், மூச்சு விடும்போது விலா உள்வாங்குவது, வலிப்பு, பச்சை நிற வாந்தி, உள்ளங்கால்வரை மஞ்சள் ஆகியவற்றில் எது கண்டாலும் தொக்கு எடுக்கவோ உரம் எடுக்கவோ போகாமல் 108ஐக் கூப்பிட வேண்டும். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் 2022 முதல் இருக்கிறது.

தாயின் தூக்கம் யார் பொறுப்பு

இனி அந்த முதல் கேள்வி. பிள்ளையின் விழிப்பை நிறுத்த முடியாது என்றால், அதன் பாரத்தைப் பங்கு போடத்தான் வேண்டும். "பால் குடுக்கிறது அவதானே, அவதானே எழணும்" என்பார்கள். பால் கொடுப்பது தாய்தான். தூக்கி வருவதும், துணி மாற்றுவதும், ஏப்பம் விடத் தட்டுவதும், நடந்து அமர்த்துவதும், மறுபடி கிடத்துவதும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துத் தாய் படுத்தால், அடுத்த பசி வரும்வரை அவளை எழுப்பாமல் இருந்தாலே மூன்று நான்கு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்குவாள். பாலைப் பீய்ச்சி வைத்துப் பாலாடையில் புகட்டலாம். 25 டிகிரிக்குள் நான்கு மணி நேரம் தாங்கும் பாலை இந்த வெக்கையில் வெளியே வைக்காமல் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்.

கீழக்கரையில் கல்யாணத்துக்குப் பின் பெண் தாய்வீட்டிலேயே இருக்கும் வழக்கம் உண்டு. கணவர் வெளிநாட்டில் இருந்தாலும் உம்மா பக்கத்திலேயே இருக்கிறார். தூக்கத்தைப் பொறுத்தவரை அது கொடுத்துவைத்த ஏற்பாடு. பிரசவம் முடிந்து மூன்று மாதத்தில் புகுந்தவீடு திரும்பி, விடியலில் மீன் விற்கவோ பாசி எடுக்கவோ போக வேண்டிய பெண்ணுக்கு அது வாய்க்காது. 2017ல் 26 வாரமாக உயர்ந்த சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பும் அவளுக்கு இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, எதிலும் பிடிப்பின்மை, பிள்ளை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராதது என்று இருந்தால், அதை அசதி என்று தள்ளாமல் வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்ல வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கடலுக்குப் போகிறவரால் என்ன செய்ய முடியும் என்பது கடைசி ஆட்சேபம். தொழில் நாளில் அவரும் தூங்கியாக வேண்டும், அதில் தர்க்கம் இல்லை. தொழில் இல்லாத நாளிலும் அவரே தூங்குவதைத்தான் ஏற்க முடியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும். வலை பின்னும் கைக்குத் துணி மாற்றுவது பெரிய வித்தையல்ல. ஜூன் பதினைந்தில் படகு இறங்குமுன், அதற்குப் பின் ராத்திரி முதல் சாமத்துக்கு மாமியாரா நாத்தனாரா என்பதையும் வீட்டில் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளலாம்.