சித்தம்பூண்டியின் கறுப்பு வரி

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்கு ராஜராஜன் கொடுத்த செப்புக் குடத்தின்மேல் வேய்ந்த பொன் 2926½ கழஞ்சு. கல்வெட்டே கணக்குச் சொல்கிறது. அதில் ஒரு குன்றிமணி அளவுகூட இந்த மண்ணிலிருந்து எடுத்ததல்ல. டெல்டா முழுக்கக் காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். அதற்கும் கீழே ஆயிரக்கணக்கான மீட்டருக்குப் படிவுகள். கோயிலுக்கு மட்டுமல்ல, அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும்கூட இங்கே வெளியூர்க் கல்தான் வந்தாக வேண்டும்.

அரிய உலோகம் தாங்கிய பாறையைப் பார்க்க அதே காவிரியை எதிர்த்து மேற்கே போக வேண்டும். முக்கொம்பு தாண்டி, கரூர்ப் பக்கம் தாண்டி, நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூரை அடுத்த உள்நாட்டில் சித்தம்பூண்டி இருக்கிறது. மானாவாரிக் காடுகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று பாறை தலைகாட்டும். சில இடங்களில் அந்த வெள்ளைக்கு ஊடே கரிக்கோடு இழுத்ததுபோல் கறுப்பு வரிகள் ஓடும். வெள்ளைப் பாறைக்குப் பெயர் அனார்த்தோசைட். கறுப்பு வரி குரோமைட். பிளாட்டினத்தைத் தேடுகிறவர்களின் கண் அந்தக் கறுப்பின்மேல்தான்.

பிளாட்டினம் தனியாக வருவதில்லை. பல்லேடியம், ரோடியம், ருத்தேனியம், இரிடியம், ஆஸ்மியம் என்று அதற்கு ஐந்து உடன்பிறப்புகள். நகைக்கடையில் நாம் பார்ப்பது இதன் ஒரு முகம்தான். காரின் புகைக்குழாயில் நச்சு வாயுக்களைத் தணிக்கும் கருவிக்குள்ளும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய மூன்றும் வேலை செய்கின்றன.

இவை ஏன் அந்த வரியில் போய் ஒண்டுகின்றன? களத்தில் நெல் தூற்றுவதை நினைத்துக்கொள்ளலாம். கனமான மணி காலடியில் விழும். பதர் தள்ளிப் போகும். 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியில் பூமிக்குள் புகுந்த கற்குழம்பு மெல்ல ஆறியபோதும் ஏறத்தாழ இதுதான் நடந்தது. கனமான குரோமைட் படிகங்கள் ஓர் அடுக்காகச் சேர்ந்தன. கால்சியம் மிகுந்த வெள்ளைப் பெல்ட்ஸ்பார் வேறு அடுக்காயிற்று. குழம்பில் கரைந்து கிடந்த பிளாட்டினக் குடும்பத்து உலோகங்கள் கந்தகத்தோடும் ஆர்சனிக்கோடும் கூடி, பொடிப்பொடிக் கனிமங்களாகக் குரோமைட் அடுக்கில் மாட்டிக்கொண்டன. ஒரு துகள் தலைமுடியின் தடிமனைவிடச் சிறியது. வெறுங்கண்ணுக்கு அந்த வரி வெறும் கறுப்புக் கல்லாகத்தான் தெரியும்.

தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டிலும் அடுக்கடுக்கான கதைதான். 1924-இல் நிலவியலாளர் ஹான்ஸ் மெரென்ஸ்கி அடையாளம் காட்டிய பிளாட்டின அடுக்கு அங்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீள்கிறது. அவ்வளவு பெயர்பெற்ற சுரங்கத்திலும் ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் கிடைப்பது சுமார் 4 முதல் 6 கிராம், அதாவது அரைப் பவுனிலிருந்து முக்கால் பவுன். அடுக்கு அறுபடாமல் நெடுந்தொலைவு ஓடுவதால்தான் அது கட்டுப்படியாகிறது.

சித்தம்பூண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிறந்த பாறை பிறந்தபடி கிடக்கவில்லை. பூமியின் ஆழத்துக்கு இழுபட்டு, கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வெந்து, மடிந்து, முறுக்குண்டு பிறகு மேலே வந்தது. இந்த வேதனையில் பிறந்த அழகுகளும் உண்டு: சிவப்புக் கார்னெட், செந்நிறக் குருந்தம். ஆங்கிலத்தின் ‘கொரண்டம்’ என்ற சொல்லே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். ஆனால் குரோமைட் வரிகள் மெலிந்து, துண்டுதுண்டாகிவிட்டன. குரோமைட்டிலும் இரும்பும் அலுமினியமும் மிகுதி என்பதால் குரோமியத்துக்காக வெட்டுவதும் ஆதாயமில்லை.

நிலவியலாளர் ஏ. பி. சுப்ரமணியம் 1956-இல் இந்தப் பாறைத்தொகுதியைப் பற்றி விரிவாக எழுதினார். பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கருங்கல்பட்டி, செட்டியாம்பாளையம் போன்ற இடங்களில் பிளாட்டினக் குடும்பத்தைத் தேடியது. உலோகம் இருப்பது உறுதியானது. சுரங்கம் வரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை ஊர்மக்களுக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ‘பிளாட்டினம் கண்டுபிடிப்பு’ என்ற தலைப்புச் செய்தி மட்டும் போய்ச் சேர்ந்தால், காட்டை வைத்திருப்பவர் அதை விற்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல் தவிப்பார்.

பதர் என்று ஒதுங்கிய வெள்ளைப் பாறைக்கோ வேறு அழைப்பு வந்தது. நிலவின் மேட்டுநிலம் பெரும்பாலும் அனார்த்தோசைட். நிலவில் இறங்கும் கலத்தைச் சோதிக்க அதைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, இஸ்ரோ சித்தம்பூண்டியிலும் பக்கத்துக் குன்னமலையிலும் கல்லெடுத்து, தேவையான பருமனுக்கு அரைத்து, செயற்கை நிலவு மண் தயாரித்தது. அதற்குக் காப்புரிமையும் பெற்றது. 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அதன் உலவி பிரக்யான் அங்குள்ள மண்ணின் வேதிச் சேர்க்கையை அளந்து அனுப்பியது: அனார்த்தோசைட் வகை.