கேஸ் தீர்ந்துபோகாது

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மதியம். ரிமோட்டில் 18 வைத்தும் அறை குளிரவில்லை. மெக்கானிக் வருகிறார். அவுட்டோர் யூனிட்டின் மேல் கை வைத்துப் பார்க்கிறார், குழாயைத் தொடுகிறார். "கேஸ் இறங்கிடுச்சு சார். டாப்-அப் பண்ணா சரியாயிடும்." நாம் தலையாட்டுகிறோம். சமையல் சிலிண்டர் மாதா மாதம் தீர்கிறதே, இதுவும் அப்படித்தான் தீரும்போல என்று மனம் தானாகவே சமாதானம் சொல்லிக்கொள்கிறது.

அங்கேதான் ஏமாறுகிறோம். அடுப்பில் கேஸ் எரிந்து தீர்கிறது. ஏசியில் எதுவும் எரிவதில்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆவியாகி, திரவமாகி, மறுபடி ஆவியாகிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பத்து வருடம் ஓடினாலும் போட்ட அளவு அப்படியே இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது பொத்தல் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

எங்கள் வீட்டில் ஒரே கோடையில் இரண்டு முறை பிடித்தோம். மூன்றாவது முறை வந்தவர் வயதானவர். சோப்புத் தண்ணீரை நுரைக்க அடித்து, குழாய்கள் சேருமிடத்து ஃப்ளேர் நட்டில் தடவினார். குமிழி குமிழியாக வந்தது. நட்டைக் கழற்றி, குழாயின் வாயைப் புதிதாக விரித்து இறுக்கினார். அவ்வளவுதான் கோளாறு. முந்தைய இரண்டு முறை கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றால் கையில் பில் இல்லை. நாங்களும் கேட்டு வாங்கியிருக்கவில்லை.

ஓட்டை எல்லாருக்கும் இவ்வளவு சுலபமான இடத்தில் இருப்பதில்லை. கூவம், பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளில் சாக்கடை வாயு செப்புக் குழாயைக் கறுக்க வைத்து அரித்துவிடும். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று அந்த வேலையைச் செய்யும். காயில் உள்ளுக்குள் பொத்துப்போயிருந்தால் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டையை அடைத்த பிறகு வேக்கம் பம்ப் போட்டு, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்புறம்தான் கேஸ், அதுவும் தராசில் நிறுத்து. எத்தனை கிராம் என்பது அவுட்டோரில் ஒட்டியிருக்கும் தகட்டிலேயே அச்சிட்டிருக்கும். "ஓட்டை எங்கே இருந்தது, எத்தனை கிராம் ஏற்றினீர்கள்?" என்ற இரண்டு கேள்விகளைச் சண்டைக்காரத் தொனி இல்லாமல் கேட்டுப் பாருங்கள். வேலை தெரிந்தவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

அதே தகட்டில் என்ன கேஸ் என்றும் இருக்கும். பழைய மெஷினில் ஆர்-22, அடுத்து வந்தவற்றில் ஆர்-410ஏ, இன்றைக்குப் பெரும்பாலும் ஆர்-32. சில மாடல்களில் ஆர்-290 இருக்கிறது. அது புரொப்பேன், நன்றாகத் தீப்பிடிக்கும். ஆர்-32உம் ஓரளவு தீப்பற்றக்கூடியதே. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஏற்றுவதோ இரண்டைக் கலப்பதோ மெஷினுக்கும் ஆபத்து, மனிதருக்கும் ஆபத்து. அதைவிட மோசமானது, நைட்ரஜன் இல்லையென்று ஆக்சிஜன் சிலிண்டரை வைத்து அழுத்தம் பார்ப்பது. கம்ப்ரசர் எண்ணெயோடு ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும். யாராவது அதற்கு முற்பட்டால் மரியாதை பார்க்காமல் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

பல நேரம் கோளாறு கேஸிலேயே இருக்காது. "பைப்பில் ஐஸ் கட்டியிருக்கு, அதனால கேஸ் இல்ல" என்பார்கள். ஃபில்டரில் தூசி அடைத்தாலும் ஐஸ் கட்டும். அவுட்டோர் காயிலில் புறா இறகும் அழுக்கும் அடைத்தால் குளிர் குறையும். பழைய, இன்வெர்ட்டர் அல்லாத மெஷின்களில் "கம்ப்ரசர் போச்சு" என்று சொல்லப்படுகிற சிலவற்றில் போயிருப்பது கெபாசிட்டர் மட்டுமே. அதன் விலை சில நூறு ரூபாய். கம்ப்ரசரின் விலை பல ஆயிரம். கெபாசிட்டரை மீட்டர் வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லாமல் கம்ப்ரசருக்குச் சம்மதிக்காதீர்கள். மாற்றினால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வரவில்லை. மூன்றாம் மாடி சன்ஷேடில், இடுப்பில் ஒரு கயிறுகூட இல்லாமல், உச்சி வெயிலில் நிற்கிறவர் அவர். ஒரே நாளில் எத்தனை வீடு முடிக்கிறாரோ அத்தனை கூலி. ஓட்டை தேட அரை நாள் ஆகும். டாப்-அப்புக்கு அரை மணி போதும். அந்த அரை நாளுக்கு உரிய கூலியைக் கொடுக்க நாமும் தயாராக இருக்க வேண்டும்.

பில்லுக்கு வருவோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்கு ரசீது தராததே முறையற்ற வணிக நடைமுறை. ஜாப் ஷீட்டில் "கேஸ் சார்ஜிங்" என்று மொட்டையாக எழுதினால் போதாது. கோளாறு என்ன, எங்கே சரிசெய்தார், எத்தனை கிராம், எத்தனை நாள் உத்தரவாதம், இவ்வளவும் எழுதி வாங்குங்கள். ஒரு மாதத்தில் மறுபடி குளிராமல் போனால், சேவைக் குறைபாட்டுக்கு அந்தத் தாளே சாட்சி.

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், மின்னஞ்சலே போதும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கணிசமான புகார்கள் அங்கேயே பேசித் தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இணையத்திலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போய்விட வேண்டும்.

"10 வருட வாரண்டி" என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும். கம்ப்ரசர் இலவசமாக வரும். கேஸ், கூலி, போக்குவரத்துக்குத் தனிப் பில் வரலாம். காயிலுக்கும் பிசிபி போர்டுக்கும் எத்தனை வருடம் என்று வாங்கும்போதே அட்டையில் பாருங்கள்.

இன்னொரு ஆபத்து மெஷினுக்கு வெளியே இருக்கிறது. இணையத்தில் "கஸ்டமர் கேர்" என்று தேடினால் போலி எண்களும் வரும். "புகாரைப் பதிய பத்து ரூபாய் அனுப்புங்க", "இந்த ஆப்பை இறக்குங்க" என்றால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். உண்மையான எண் வாரண்டி அட்டையில் இருக்கும். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா? நட்டில் கசிவு, கெபாசிட்டர், போர்டு என்றால் பழுது பார்ப்பதுதான் என் கட்சி. பத்து வயது தாண்டிய ஆர்-22 மெஷினில் காயில் பொத்துப்போனால் மாற்றிவிடலாம். அந்த கேஸ் ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் உலகெங்கும் கைவிடப்பட்டு வருகிறது. புதிது வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள், லேபிளில் எந்த ஆண்டுக்கு உரியது என்றும் பாருங்கள். 2018இல் ஸ்பிளிட் ஏசிக்கு ஐந்து நட்சத்திரம் கிடைக்க 4.5 என்ற திறன் அளவு போதுமானதாக இருந்தது. 2022 ஜூலையில் அது 5 ஆனது. கிடங்கில் கிடந்த பழைய ஐந்து, அந்தப் புதிய கணக்கில் நான்காகிவிட்டிருக்கலாம்.

பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலும் வீடு மாற்றினாலும், கழற்ற வந்தவர் குழாயை அப்படியே வெட்டி கேஸைக் காற்றில் விடப் பார்ப்பார். ஆர்-22 வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமில வாயுவைவிட 1,700 மடங்குக்கும் மேல். மெஷின் ஓடும் நிலையில் இருந்தால், "முதல்ல பம்ப்-டவுன் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். சில நிமிட வேலைதான். கேஸ் முழுவதும் அவுட்டோருக்குள் போய் அடைந்துகொள்ளும். புது வீட்டில் மாட்டும்போது மறுபடி கேஸுக்குப் பணம் கேட்டால், அடைத்துவைத்த கேஸ் எங்கே போனது என்று நீங்கள் கேட்கலாம்.