பணிக்குறிப்பும் பலகையெழுத்தும்

சித்திரம் தீட்டுபவன் தன் மனம்போன போக்கிலே தீட்டுகிறான் என்ற எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. 'கலை கலைக்காகவா, மக்களுக்காகவா?' என்று நம் இலக்கிய வட்டாரங்களில் ஒருகாலத்தில் மூண்ட வாதத்திலே கூட, கலைஞன் தன் பொருளைத் தானே தேர்ந்துகொள்கிறான் என்பதை இரு கட்சியாரும் ஒப்புக்கொண்டவர் போலவே பேசினர். வரைகலை வடிவமைப்புப் பயிலும் மாணவியாகிய எனக்கு அந்தப் பேறு இல்லை. எனக்குரிய பொருள் பிறரிடமிருந்து, பெரும்பாலும் ஒரே தாளில் எழுதப்பட்டு வருகிறது. என்ன வேண்டும், யாருக்கு வேண்டும், எவ்வளவு செலவில், எந்தத் திகதிக்குள் என்பன அத்தாளிலே காணப்படும். தொழிலில் உள்ளோர் இதனைப் 'பிரீஃப்' என்பர். இக்கட்டுரையில் நான் பணிக்குறிப்பு என்று வழங்குகிறேன்.

இத்துறைக்குப் புதிதாக வருவோர் இத்தாளைக் காலில் மாட்டிய விலங்கென்றே கருதுவர். சற்றுப் பழகியவர்களோ அதனை மாற்றொணாக் கட்டளையாக ஏற்று, சொன்னதைச் சொன்னபடி செய்துகொடுத்து ஊதியம் பெறுவர். இவ்விரண்டும் எனக்கு உடன்பாடல்ல. நல்ல பணிக்குறிப்பு என்பது பலர் கூடி ஒரு வினாவை எழுதும் முயற்சியாகும். அவ்வினாவை எழுதும் வேளையில் எவர் அருகில் இல்லையோ அவருக்கு விடையிலும் இடங் கிடைப்பதில்லை. இவ்வெண்ணம் எனக்குப் பிறந்தது பிரித்தானிய நாட்டு வீதிப் பலகைகளின் வரலாற்றைப் படித்தபோது.

1950களில் அந்நாட்டு வீதிகளில் நின்ற பலகைகள் பல காலத்தில், பல கைகளால் ஆனவை. இடத்துக்கு இடம் எழுத்தும் அமைப்பும் வேறுபட்டன. விரைவு நெடுஞ்சாலைகள் அமையவிருந்த நிலையில், அவற்றுக்குரிய பலகைகளை ஆராய 1957 இல் சேர் கொலின் அன்டர்சன் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. வடிவமைக்கும் பொறுப்பு ஜொக் கினியர் என்பவரைச் சேர்ந்தது. அவர் இலண்டன் செல்சி கலைக் கல்லூரியிற் கற்பித்தவர். தென்னாபிரிக்காவிற் பிறந்து அக்கல்லூரியிற் பயின்ற மார்கரட் கல்வேட் என்ற இளம்பெண்ணைக் கட்விக் விமான நிலையப் பலகை வேலைக்கு அவர் உதவிக்கு அழைத்திருந்தார். வீதிப் பணியிலும் கல்வேட் உடன் நின்றார். 1961 இல் சேர் வோல்ட்டர் வேர்போய்ஸ் தலைமையில் அமைந்த மற்றொரு குழு ஏனைய வீதிகளையும் எடுத்துக்கொண்டது. 1965 ஜனவரி 1 ஆம் திகதி புதிய பலகைகள் நடைமுறைக்கு வந்தன. உதவியாளராக வந்த மாணவி பின்னர் பங்காளரானார். நிறுவனத்தின் பெயரிலும் அவர் பெயர் சேர்ந்தது.

அரசாங்கம் பலகை கேட்டது. கினியரோ தம்மைச் சாரதியின் ஆசனத்தில் இருத்தி, 'வேகமாகச் செல்கையில் நான் அறியவேண்டியது என்ன?' என்று வினவிக்கொண்டார். கேட்கப்பட்ட பொருள் ஒன்று. அவர் எடுத்துக்கொண்ட வினா வேறொன்று. அதன் பயனாகவே, முழுவதும் பெரிய எழுத்துகளில் பெயர் பொறிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் மேலெழுவனவும் கீழிறங்குவனவும் உள்ளன. ஆதலால் எழுத்தெழுத்தாக வாசிப்பதற்கு முன்பே சொல்லின் உருவம் கண்ணுக்குப் புலனாகிவிடுகிறது. இடைவெளிக்கும் ஒரு வழி கண்டார்கள். ஒவ்வோர் எழுத்தையும் ஓடு போன்ற ஒரு கட்டத்தினுள் இருத்தி, கட்டங்களை அடுத்தடுத்து வைத்தாலே சொல் செம்மையாக அமையுமாறு அளவு வகுத்தார்கள். எந்த ஊர்த் தொழிலாளியும் அதனைக் கையாளலாம். இவையெல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்த விதி ஒன்றுண்டு. பலகையின் அளவுக்கேற்பச் சொல்லை நெருக்குவதன்று, சொல்லின் அளவுக்கேற்பப் பலகையை ஆக்குவதே அது.

கூட்டுவேலை என்றால் எல்லோரும் முகமலர்ந்து தலையசைப்பது என்று எண்ணுவோர் இவ்வரலாற்றின் அடுத்த பகுதியை அறிதல் நன்று. டேவிட் கின்டர்ஸ்லி என்ற கல்லெழுத்துக் கலைஞர் இப்புதிய எழுத்தைக் கடுமையாக எதிர்த்தார். பெரிய எழுத்துகளே தக்கன எனக் கூறி, நுனிக்கோடுகளுடன் தாமே ஓர் எழுத்துவகையை அமைத்தார். வாதம் பத்திரிகைகளோடு நின்றுவிடவில்லை. ஒக்ஸ்போட்ஷயரின் பென்சன் விமானத் தளத்திலே விமானப்படையினரை இருத்தி, மோட்டார் வண்டியின் கூரையிற் பலகைகளைப் பொருத்தி, அவர்களை நோக்கி வண்டி ஓட்டப்பட்டது. எந்த எழுத்து எவ்வளவு தூரத்தில் வாசிக்கப்படுகிறது என்று கணித்தார்கள். கின்டர்ஸ்லியின் எழுத்தே மயிரிழை முந்திநின்றது! ஆயினும் வேறுபாடு சிறிதாகையால், தோற்றப் பொலிவு கருதிக் கினியர், கல்வேட் ஆகியோரின் எழுத்தே தெரிவாயிற்று. கின்டர்ஸ்லியைத் தோற்றவராகக் கருத என் மனம் ஒப்பவில்லை. வெறும் விருப்பு வெறுப்பாக முடிந்திருக்கக்கூடிய ஒரு விடயத்தை அளந்து பார்க்கச் செய்தவர் அவரே.

சிறுவர் வீதியைக் கடக்கும் இடத்தைக் குறிக்கும் படத்தையும் சொல்லாமல் விடலாகாது. பழைய படத்திலே பாடசாலைத் தொப்பியணிந்த பையன் ஒரு சிறுமியை அழைத்துச் சென்றான். கல்வேட் அதனை மாற்றி, சிறுமி சிறுவனின் கைபிடித்து முன்செல்வதாக வரைந்தார். தமது குழந்தைப் பருவ நிழற்படம் ஒன்றே அச்சிறுமிக்கு ஆதாரம். எந்தப் பணிக்குறிப்பும் இவ்வளவு நுணுக்கமாகக் கேளாது. அம்மேசையருகே ஒரு பெண் இருந்தமையால் வந்த மாற்றம் அது.

பணிக்குறிப்பே இல்லாது பிறந்த சிறந்த ஆக்கமும் உண்டல்லவா என்று நண்பர் சிலர் ஹரி பெக்கின் இலண்டன் சுரங்க இரயில் வரைபடத்தை எடுத்துக்காட்டுவர். உண்மையே. 1931 இல் எவரும் கேளாமல் அவர் அதனை வரைந்தார். முதலில் மறுக்கப்பட்டு, 1933 இல் அச்சேறியது. ஆயினும் பிரயாணிக்கு வேண்டியது தூரமன்று, எங்கே ஏறி எங்கே மாறுவது என்பதே என்று அவர் தெளிந்தாரே, அது தமக்குத் தாமே எழுதிய பணிக்குறிப்பு அன்றோ?

இவ்வளவும் நான் விரித்துரைத்ததற்குக் காரணம் கடந்த தவணையில் எங்கள் வகுப்பிற்கு வந்த ஒரு தாள். வைத்தியசாலை ஒன்றுக்கு வழிகாட்டும் பலகைகள் அமைக்கும் பயிற்சி அது. நால்வர் ஒரு குழு. எங்கள் குழுவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தியே. பணிக்குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. பலகையின் நீள அகலம் திட்டமாகக் குறிக்கப்பட்டிருந்தது. மூன்று மொழிகளும் இடம்பெற வேண்டும் என்றும், தமிழ்ப் பெயர்ப்புப் பின்னர் தரப்படும் என்றும் கண்டிருந்தது.

'பின்னர்' என்ற அச்சொல்லில் தீயெண்ணம் ஏதும் இருந்ததாக நான் கூறவில்லை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. சட்டத்தில் 'உம்' பெற்ற மொழி பலகையில் 'பின்னர்' பெறுகிறது என்று நான் சொல்லியபோது தோழர்கள் சிரித்தனர், நானும் சிரித்தேன். ஆனால் பென்சிலை எடுத்தவுடன் சிரிப்பு நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் ஓ.பி.டி. என்பது மூன்றே எழுத்து. தமிழில் 'வெளிநோயாளர் பிரிவு' என 9 எழுத்து. பழைய அச்சுக்கோப்பாளர் கணக்கிற் கொம்பையும் காலையும் தனித்தனி எண்ணினால் 13 துண்டுகள். ஆங்கிலத்துக்கென அளந்த பலகையில் இதனைப் புகுத்தினால் எழுத்து அரைவாசியாகச் சிறுத்துவிடும். நோயோடு வருபவர், அதிலும் கண்பார்வை மங்கிய முதியவர், எவ்வாறு வாசிப்பார்?

மற்றுமோர் இடர்ப்பாட்டை நான் காணவில்லை. தமிழ் வாசிக்கத் தெரியாத சிங்களத் தோழி கண்டாள். நம் நாட்டுப் பலகைகளிற் சிங்களம் மேலே, தமிழ் நடுவே, ஆங்கிலம் கீழே. சிங்களத்திற் 'பாபில்ல' எனும் குறி எழுத்தின் கீழே இறங்கும். தமிழில் 'ளி', 'பி', 'ரி' என்பவற்றின் விலங்கு மேலே எழும். இரண்டும் ஒன்றோடொன்று முட்டுவதை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். பொருள் தெரிந்த என் கண் சொல்லை வாசித்துக்கொண்டு ஓடியது. பொருள் தெரியாத அவள் கண் உருவத்தில் நின்றது.

நாங்கள் பணிக்குறிப்பைத் திருப்பி எழுதிக் கொடுத்தோம். மூன்று மொழிகளுள் எது நீண்டதோ அதற்கேற்பப் பலகையின் அளவு அமையவேண்டும் என்பது எங்கள் திருத்தம். விரிவுரையாளர் ஒப்பவில்லை. தகட்டின் அளவு கூடினால் விலையும் கூடும், பணம் கொடுப்பவர் இசையார் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு நாட்கள் வாதாடினோம். கணக்கில் வல்ல மற்றொரு தோழன் ஒரு வழி சொன்னான். பணிக்குறிப்பின்படி ஒவ்வொரு மொழி வரியின் தொடக்கத்திலும் ஓர் அம்புக்குறி இருந்தது. திசைக்கு மொழி ஏது? மூன்று அம்புகளையும் நீக்கி, பலகையின் மேல் ஓரத்தில் ஒன்றையே பெரிதாக வைத்தால் வரிகளுக்கு நீளம் கிடைக்கும். தகடு ஓர் அங்குலமும் கூட வேண்டியதில்லை. அவ்வாறே செய்தோம். வரிகளுக்கிடையே இடைவெளியையும் பகிர்ந்து அமைத்தோம். தமிழ் எழுத்துச் சிங்கள எழுத்தின் பருமனுக்கு வந்தது.

பென்சனில் நடந்ததை எண்ணி, முழு அளவில் தாளில் அச்சிட்டுக் கட்டடத்தின் நடைபாதைச் சுவரில் ஒட்டினோம். போவோர் வருவோரை மறுகோடியில் நிறுத்தி வாசிக்கச் சொன்னோம். வடமராட்சியைச் சேர்ந்த காவலாளி ஐயா கண்ணாடி அணியாமலே 'வெளிநோயாளர் பிரிவு' என்று உரக்க வாசித்தார். எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. அவரோ நகராமல் நின்றார்.

"வாசிக்க ஏலும் பிள்ளை. ஆனா அந்த இடத்தை ஆர் வெளிநோயாளர் பிரிவு எண்டு சொல்லுறது? ஓ.பி.டி. எங்கை எண்டுதானே கேட்பம்" என்றார்.

சிங்களத் தோழிக்கு அதனை மொழிபெயர்த்துச் சொன்னேன். தன் வீட்டாரும் அப்படித்தான் கேட்பார்கள் என்றாள் அவள். சமர்ப்பிக்க இன்னும் 4 நாட்கள் இருந்தன. பணிக்குறிப்பை மேசையில் விரித்து, ஐயாவின் வினாவை அதன் ஓரத்தில் மூன்று மொழியிலும் எழுதிக்கொண்டோம்.