பேரு வெட்டுமா, இரும்பு வெட்டுமா?

சிவப்புக் கலர்ல ஒரு மடக்குக் கத்தி. விரிச்சா குட்டிக் கத்தரி, பாட்டில் ஓப்பனர், ஸ்க்ரூ டிரைவர்னு வரிசையா வரும். 'சுவிஸ் நைஃப்' ஒண்ணு பாக்கெட்ல இருந்தாலே தனி பந்தாதான்! பார்த்தவுடனே ஃப்ரெண்ட்ஸ் கேட்கிற முதல் கேள்வி, "ஒரிஜினலா மச்சான்?" ஆனா, கேட்க வேண்டிய கேள்வி அது இல்லீங்க. "எப்படி வெட்டுது?"

இந்தக் கத்திக்குப் பேரு வந்த கதையைக் கேளுங்க. 1884-ல் சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் கார்ல் எல்ஸனர் பட்டறை போட்டார். 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பிச்சார். 1909-ல் அம்மா விக்டோரியா இறந்ததும், அவங்க பேரையே கம்பெனிக்கு வெச்சார். 1921-ல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் குறிக்கிற 'இனாக்ஸ்' சேர்ந்து, 'விக்டோரினாக்ஸ்' ஆச்சு. பேருக்குள்ளேயே இரும்பு இருக்கு பாருங்க!

அது என்ன உலகத்திலேயே கெட்டியான இரும்பா? இல்லை. கடினத்தை அளக்கிற ராக்வெல் கணக்கில் சுமார் 56 தான். கலெக்டர்கள் காசைக் கொட்டி வாங்குற சில பவுடர் ஸ்டீல் கத்திகள் 60-ஐத் தொடும். ஆனா 56-ல இருக்கிறதைத் தீட்டுறது சுலபம், லேசுல துருவும் பிடிக்காது. பாக்கெட் கத்திக்கு அதுதானே வேணும்?

பேரு இருந்து கை மாறினா என்ன ஆகும்? அமெரிக்காவில் 1904-ல் தொடங்கின ஷ்ரேட் கம்பெனி 2004-ல் மூடப்பட்டது. பேரை மட்டும் இன்னொரு கம்பெனி வாங்கி, சீனாவில் செஞ்ச கத்திகள் மேல போட்டுச்சு. கலெக்டர்கள் பழைய அமெரிக்கக் கத்தியைத்தான் தேடிப் பிடிக்கிறாங்க. பேரை விலைக்கு வாங்கலாம். கைப்பழக்கத்தை வாங்க முடியுமா?

நம்ம பக்கத்துல பிராண்டுன்னா திருப்பாச்சேத்தி அருவாதான். 2005-ல் விஜய் படம் வேற வந்து பேரைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோச்சு. ஆனா சின்னமனூர் பக்கம் வாழைத்தார் வெட்டுறவர் அருவாளில் லோகோவா தேடுறார்? லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிச்சதா, அது போதும் அவருக்கு. பட்டையைச் செக்கச்செவேல்னு காய்ச்சி, அடிச்சு, முக்கி எடுத்தா இரும்பு கெட்டியாகும். அப்படியே விட்டா கண்ணாடி மாதிரி உடையும். திரும்ப இளஞ்சூடு காட்டினாத்தான் முறியாம நிக்கும். அந்தப் பக்குவம் தப்பினா, நேரா பட்டறைக்கே போய்ச் சண்டை போடலாம். இதைவிட வாரன்ட்டி வேணுமா?

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சுது. நமக்கெல்லாம் பெருமைதான். இருந்தாலும் ஒரு பழத்தை வாயில போட்டுப் பார்த்துட்டுத்தானே, "ஒரு கிலோ போடுங்கண்ணே"ன்னு சொல்றோம்? கத்திக்கும் அதே நியாயம்தான்.

வாங்குறதுக்கு முன்னாடி...

* பிளேடை விரிச்சுப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்க. லொடலொடன்னு ஆடினா, எந்தப் பேரா இருந்தாலும் வேண்டாம்.

* மடக்கும்போது பிளேடு ஓரத்தில் உரசக் கூடாது.

* என்ன ஸ்டீல்னு கேளுங்க. பதில் சொல்லாத கடைக்கு ஒரு கும்பிடு!

* புதுக் கத்தி எல்லாமே பேப்பரை வெட்டும். ஒரு வாரம் தேங்காய் நார்க் கயிறு அறுத்துட்டு, திரும்பப் பேப்பரை வெட்டிப் பாருங்க. சாயம் வெளுத்துரும்.

* சேர்த்து வைக்கவா? அப்ப பிராண்டு, வருஷம், பெட்டி எல்லாமே காசுதான். வேலைக்கா? இரும்பை மட்டும் பாருங்க.

* கத்தி வீட்டோட இருக்கட்டும், காலேஜுக்கு வேண்டாம். விமானத்தில் போனா கைப்பையில் வைக்காதீங்க, செக்-இன் லக்கேஜில் போட்டுருங்க. இல்லேன்னா ஏர்போர்ட்டிலேயே டாட்டா சொல்ல வேண்டியதுதான்!